லேகியத்துக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம்

சென்ற இதழில் உளுந்தஞ்சோற்றுப் பக்குவம் எழுதினேன் அல்லவா? அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு தங்கை என்னைத் தேடி வந்தாள். ஊரைச் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறினால் வரும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு எத்தனை பல், வெந்தயம் எவ்வளவு என்றெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எக்கா, ஒரு காரியம். ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. ஆறு மாசமா அவிய எனக்க பக்கத்துலயே வாறதில்ல. வேற எவளாவது இருப்பாளோ?"

(இப்போது அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.)

வேறு எவளும் இல்லை. அடுத்த வாரமே பரணில் தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் இரண்டு லேகிய டப்பாக்கள் அகப்பட்டன. அவர் விரலில் கல்யாண மோதிரத்தைக் காணோம். மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் வந்து உட்காரும் ஒருவர் நாடி பிடித்துப் பார்த்து, "சின்ன வயசுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது" என்று பயமுறுத்தி, பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். அந்த மனுஷருக்கு வயது நாற்பத்தெட்டு. சின்ன வயசுப் பழக்கம் முப்பது வருஷம் காத்திருந்தா வந்து கழுத்தைப் பிடிக்கும்? அந்தப் பழக்கத்தால் விறைப்புக் குறைவதில்லை என்று எந்த டாக்டரும் சொல்வார்.

தாம்பத்ய சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. இருந்தும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களைப் பாருங்களேன்! முறையாகப் படித்த வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் இருக்கிற மாவட்டம் இது. லாட்ஜுக்கு ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சரி, உள்ளே நடப்பது என்ன? ஆசை தோன்றியதும் மூளையிலிருந்து நரம்பு வழியாகச் சேதி போகிறது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து ரத்தம் பாய்ந்து நிறைகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வராவிட்டால் வயலையா திட்டுவோம்? வாய்க்காலைத்தானே போய்ப் பார்ப்போம்! இங்கும் அப்படித்தான். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, பீடி சிகரெட், குடி எல்லாம் குழாயையோ நரம்பையோ கெடுக்கின்றன.

இதில் ஒரு முக்கியமான சங்கதி. அந்த இடத்துக்குப் போகும் குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் மூன்று நான்கு. அடைப்பு வந்தால் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே இந்தக் குறை தலைகாட்டிவிடுகிறது. வெட்கப்பட்டு மூடி மறைத்தால் அந்த அவகாசம்தான் வீணாகிறது.

ஆனால் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எப்படி? "சும்மா கெட பிள்ளே" என்று வாயை அடைத்துவிட்டாராம். நல்ல வேளையாக, 2021-ல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். "அப்பிடியே இவியளுக்கும் ஒண்ணு பாரு மக்களே" என்று இவள் சொல்ல, அம்மாவின் முன்னால் மறுக்க முடியாமல் மனுஷர் விரலை நீட்டியிருக்கிறார். 312! அதற்குள் கருப்பட்டிப் பாகில் கிண்டிய லேகியத்தைக் காலையும் மாலையும் கொட்டைப்பாக்கு அளவு ஒரு டப்பா காலி செய்தாயிற்று.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். விடியற்காலைத் தூக்கத்தில் தானாக விறைப்பு வருகிறதா என்பது முதல் கேள்வி. வருகிறதென்றால் பெரும்பாலும் குழாயும் நரம்பும் சரி. கடன், கவலை, பயம், மனச்சோர்வு என்று வேறு காரணம் தேடலாம். இவருக்கு வருவதில்லை. ஈ.சி.ஜி., கொழுப்பு, ரத்தக் கொதிப்பு எல்லாம் பார்த்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை, பீடிக்கு முழுக்கு, தினமும் நடை.

அதற்கப்புறம்தான் அந்த இன்னொரு மாத்திரை. வயாக்ரா என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெஞ்சுவலிக்கென்று சோதித்துப் பார்த்த மருந்து அது. 1998-ல் அமெரிக்காவில் இந்தக் குறைக்கு அனுமதி கிடைத்தது. ஆசையை அது உண்டாக்காது. ஆசை இருந்தால் ரத்தம் பாய வழி செய்யும், அவ்வளவே. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரைகளோடு இது சேரவே கூடாது, சகோதரிகளே. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். சில லேகியங்களிலும் பொடிகளிலும் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்க வேண்டாம். மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசி, கருவி, அறுவை சிகிச்சை என்று வேறு வழிகளும் உண்டு. ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் இந்தக் குறையைக் கொண்டுவரலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

நாலு மாதம் கழித்துப் போன வாரம் வந்தாள். "முழுசும் சரியாவல்ல எக்கா. ஆனா பக்கத்துல வந்து படுக்காவ, பேசுதாவ. அது போதும்" என்றாள். மோதிரம் இன்னும் அடகில்தான் இருக்கிறதாம், வாழைக்குலை வெட்டியதும் மீட்பார்களாம். மிச்சமிருந்த லேகியத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். "சவத்த தெங்கு மூட்டுல கொட்டியாச்சு" என்று சிரித்தாள்.