விருந்துக்கு அழைத்த அப்பா

"எங்க வீட்ல சாதியெல்லாம் பார்க்க மாட்டோம். எல்லாரும் வருவாங்க, சாப்பிடுவாங்க, போவாங்க." இப்படிச் சொல்லும் அப்பாக்களை நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே சோறு போட்டிருப்பார்கள். மகள் ஒருவரைக் காட்டி, "இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்று சொல்லும் நாளில்தான் அந்த வீட்டின் இன்னொரு முகம் தெரியவரும்.

அந்த அப்பாவை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மேடையேற்றியவர் ஷேக்ஸ்பியர். 1604இல் லண்டனில் அரசவை முன் நடிக்கப்பட்ட 'ஒதெல்லோ' நாடகத்தில் வரும் பிரபான்சியோதான் அவர். வெனிஸ் நகர ஆட்சிமன்ற உறுப்பினர், டெஸ்டிமோனாவின் தந்தை. ஐந்து அங்க நாடகத்தில் முதல் அங்கத்தோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. அதனால் ஒதெல்லோவின் சந்தேகம், இயாகோவின் சூழ்ச்சி, கைக்குட்டை என்று பேசுகிற நாம் அப்பாவை மறந்துவிடுகிறோம். இந்த நாடகத்துக்கு மூலமான சிந்தியோவின் 1565ஆம் ஆண்டு இத்தாலியக் கதையில் உறவினர்கள் எதிர்த்தார்கள் என்ற அளவோடு விஷயம் முடிந்துவிடும். ஆட்சிமன்றம் வரை போய் நியாயம் கேட்கும் அப்பா, ஷேக்ஸ்பியர் புதிதாகச் சேர்த்த பாத்திரம்.

ஒதெல்லோ கறுப்பர், வெனிஸ் படையின் தளபதி. அவரைத் திரும்பத் திரும்ப வீட்டுக்கு அழைத்ததே பிரபான்சியோதான். போர்க் கதைகளை, அடிமையாக விற்கப்பட்ட கதையை, தப்பிப் பிழைத்த கதையை எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். வீட்டு வேலைக்கு நடுவே ஓடி வந்து அதே கதைகளைக் கேட்ட மகள், அவரை விரும்பினாள், அப்பாவுக்குத் தெரியாமல் திருமணமும் செய்துகொண்டாள்.

நள்ளிரவில் இயாகோவும் ரோடரிகோவும் வாசலில் நின்று கத்துகிறார்கள். இருவரையும் மிருகங்களாக வர்ணித்து, அப்பாவின் காதில் நஞ்சை ஊற்றுகிறார்கள். பிரபான்சியோ சொல்லும் பதிலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்படி நடப்பதாகத் தான் கனவு கண்டதாகச் சொல்கிறார். விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அந்தப் பயம் உள்ளே இருந்திருக்கிறது. ரோடரிகோவுக்குப் பெண் கிடையாது என்று விரட்டியவர், இப்போது அவனிடமே, அவளை உனக்காவது கொடுத்திருக்கலாமே என்று வருந்துகிறார். உதவாக்கரையானாலும் 'நம்ம ஆள்' அல்லவா!

பிறகு அவர் வைக்கும் குற்றச்சாட்டும் நமக்குப் பழக்கமானதுதான். என் மகள் தானாக இப்படிச் செய்திருக்க மாட்டாள், மருந்தோ மந்திரமோ வைத்து மயக்கிவிட்டான் என்கிறார். இங்கே அதற்கு 'நாடகக் காதல்' என்று பெயர் வைத்தார்கள். மந்திரத்தின் இடத்தில் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் வந்தன. பெண்ணுக்குச் சொந்தமாக மனமும் புத்தியும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளவே முடியாதவர்களுக்கு ஏதாவது ஒரு வசியம் தேவைப்படுகிறது.

ஆட்சிமன்றத்தில் டெஸ்டிமோனாவே வந்து பேசுகிறாள். வளர்த்தவருக்கு நன்றி சொல்கிறாள். என் அம்மா தன் அப்பாவை விட்டு உங்களோடு வந்தது போலத்தான் நானும் என்கிறாள். அந்த வாதத்துக்கு அப்பாவிடம் பதில் இல்லை. எனக்கு வேறு பிள்ளைகள் இல்லாததே நல்லது, இருந்திருந்தால் அவர்கள் காலில் கட்டை பூட்டியிருப்பேன் என்கிறார். கணவர் போருக்குப் போகும்போது மகள் தங்குவதற்குக்கூட வீட்டில் இடமில்லை என்கிறார். போகும்போது மருமகனிடம் ஓர் எச்சரிக்கை: அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம்.

நாடகத்தின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் இயாகோ சந்தேகத்தை விதைக்கும்போது அவன் கையில் எடுப்பது அப்பாவின் இந்த வார்த்தையைத்தான். அது மட்டுமல்ல, இயல்பான பெண் தன் நிறத்தை, தன் இனத்தை விட்டுப் போவாளா என்ற அப்பாவின் கேள்வியையும் அவன் கேட்கிறான். ஒதெல்லோ அதை நம்புகிறார். தன்னைப் போன்ற ஒருவரை அவள் உண்மையாகவே விரும்பியிருக்க முடியுமா என்ற கேள்வி அவரைத் தின்றுவிடுகிறது.

டெஸ்டிமோனாவைக் கொன்ற கை ஒதெல்லோவுடையதுதான். ஒடுக்கப்பட்டவர் என்பதற்காக அந்தக் குற்றத்தை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் கொன்ற பிறகு அவர் என்ன சொல்கிறார்? வெறுப்பில் செய்யவில்லை, மானத்துக்காகச் செய்தேன் என்கிறார். மகளைத் 'திருடிவிட்டான்' என்று கூவிய அப்பாவின் கணக்கும் இதுதான். பெண் ஒரு சொத்து, அவள் உடம்பில்தான் ஆணின் மானம் இருக்கிறது என்பதில் மாமனாரும் மருமகனும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

மகளின் திருமணமே பிரபான்சியோவைக் கொன்றுவிட்டது என்று கடைசிக் காட்சியில் அவரது சகோதரர் கிராஷியானோ சொல்கிறார். இங்கேயும் அப்படித்தான். அப்பா படுத்த படுக்கையானால்கூட மகள்தான் காரணம் என்பார்கள். ஒதெல்லோவும் இறந்தபின் அவருடைய வீடும் சொத்தும் அதே கிராஷியானோவுக்குப் போகின்றன. மருமகனாக ஏற்க மறுத்த குடும்பத்துக்கு அவர் சொத்தை ஏற்பதில் தயக்கம் ஏதுமில்லை.

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வைத்த வாதத்தை இந்த நாடகத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார் அவர். பிரபான்சியோ சேர்ந்து உண்டவர்தான். உணவு மேசையில் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், மருமகன் என்றால் உறவாகிவிடுவார்.

வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின், சாதியின் சம்மதம் தேவையில்லை என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆட்சிமன்றமும் டெஸ்டிமோனா பக்கம்தான் நின்றது. அது அவளைக் காப்பாற்றவில்லை.

ஆகவே தோழர்களே, "எங்கப்பா முற்போக்கானவர், என் நண்பர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க" என்று அடுத்த முறை பெருமையாகச் சொல்லும்முன், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் கேட்டுப் பாருங்கள்: "அப்பா, அவங்க வீட்ல இருந்து ஒருத்தரை நான் கட்டிக்கிட்டா?"

அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள்.