ஏரிக்குள் இறங்கும் மலை மண்

கேமரன் மலைக்குப் போனவர்கள், ரிங்லெட்டைத் தாண்டியதும் சாலையோரம் ஓர் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அதன் நீர் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். அது இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை தேக்கி வைத்த நீர் அது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி நமக்கு மின்சாரம் தருகிறது.

ஆற்று நீர் மண்ணையும் சுமந்து வரும். ஓடுகிறவரை சுமக்கும், ஏரியில் வேகம் குறைந்ததும் இறக்கி வைத்துவிடும். அணை கட்டியவர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். மொத்தக் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர். அதில் சுமார் 16 லட்சத்தை வண்டலுக்கென்றே ஒதுக்கினார்கள். ஆண்டுக்கு 20,000 கன மீட்டர் சேர்ந்தால் 80 ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. ஆனால் மேலே காடுகள் காய்கறித் தோட்டங்களாயின. சாலைகளும் கட்டடங்களும் வந்தன. மண் பல மடங்கு வேகமாக வந்து சேர்ந்தது.

தூர்ந்த ஏரியில் பெருமழை நீருக்கு இடம் ஏது? 2013 அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்து விடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது.

இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே கணிக்கக் கணினி உதவுகிறது. அது போடும் கணக்கு இரண்டு.

முதலாவது மலைச்சரிவுக்கு. அமெரிக்காவில் விஷ்மெயர், ஸ்மித் என்ற இருவர் வகுத்த சூத்திரம் 1965இல் நூலாக வந்தது. மழையின் வலிமை, மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், தரையை மூடியிருக்கும் செடிகொடி, மண்காப்பு வேலை ஆகியவற்றைப் பெருக்கினால், ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு எத்தனை டன் மண் கரையும் என்று மதிப்பிடலாம்.

இரண்டாவது ஆற்றுக்கு. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் நீரின் வேகம் என்ன, எவ்வளவு மண்ணைச் சுமக்கும், எங்கே இறக்கும் என்று கணினி பார்க்கும். எங்கே தூர் வாரலாம், பெருமழைக்கு முன் எவ்வளவு நீரைத் திறக்கலாம் என்பதையெல்லாம் இதில் சோதித்துப் பார்க்கலாம்.

கணினி மந்திரவாதி அல்ல. மழையை அளந்து எழுதுகிறவரும், ஆற்று நீரைப் புட்டியில் பிடித்து அதிலுள்ள மண்ணை நிறுக்கிறவரும் தரும் எண்களே அதற்குத் தீனி. எண் பிழைத்தால் விடையும் பிழைக்கும்.

மழையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் மூடுசெடியும் மண்காப்பும் மனிதர் கையில் இருக்கின்றன. பால்மரக் காட்டில் மூடுகொடி படரவிட்டு, சரிவில் படி வெட்டி, மண் தங்கக் குழி தோண்டிய நம் பெரியவர்கள் அந்தச் சூத்திரத்தைக் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் செய்த வேலைதான் அதன் விடையைக் குறைப்பது.

ஆகவே, வீட்டுத் தோட்டம் சரிவில் இருந்தால் குறுக்கே பாத்தி போடுங்கள். வெறும் மண்ணை மழைக்குக் காட்டாதீர்கள். அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை: மழை இரவில் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் சாமான்களைத் தேடி நிற்காதீர்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.