சம்பள ஏட்டில் இல்லாத பெயர்கள்

1958இல் உருவான கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் ஈக்காட்டுத்தாங்கல். காலை வேளையில் அங்குள்ள பட்டறைகளுக்கும் கணினி அலுவலகங்களுக்கும் ஆண்களும் பெண்களும் அணியணியாகச் செல்வதைக் காணலாம். மாத முடிவில் இவர்கள் பெறும் ஊதியம் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு? அளந்து அறிய இயலுமா?

ஓரளவு இயலும். 1973ஆம் ஆண்டில் ரொனால்டு ஒவாஹாகா, ஆலன் பிளைண்டர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இருவர், தனித்தனியே எழுதிய கட்டுரைகளில் அதற்கொரு வழியைக் கூறினர்.

ஒரு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்களின் சராசரி ஊதியம் ரூ. 20,000, பெண்களுடையது ரூ. 14,000. வேறுபாடு ரூ. 6,000. பெண்களின் படிப்பையும் அனுபவத்தையும் ஆண்களுக்குரிய அதே விகிதத்தில் மதிப்பிட்டால் ரூ. 17,000 வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் மூவாயிரம் ரூபாய் தகுதி வேறுபாட்டால் விளைந்தது. எஞ்சிய மூவாயிரத்துக்கு அக்காரணம் பொருந்தாது. பாகுபாடு என்னும் ஐயம் எழுவது அங்கேதான். கணக்கில் சேராத வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், அதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

முதல் மூவாயிரம் முழுவதும் நியாயமானது என்றும் எண்ணிவிடலாகாது. பயிற்சிக்கே அனுப்பப்படாத பெண்ணிடம், ‘உனக்குப் பயிற்சி இல்லை’ என்று கூலியைக் குறைத்தால், அநியாயம் முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது.

ஒத்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என 1976இல் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், வீட்டிலேயே அமர்ந்து உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுக்கும் சகோதரியின் பெயர் பெரும்பாலும் எந்தச் சம்பள ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாதவரை அந்த அளவுகோல் எங்ஙனம் அளக்கும்? முஸ்லிம் பெண் தொழிலாளரில் வீட்டிலிருந்தே உழைப்போரின் விகிதம் மிகுதி என்பதை 2006இல் சச்சார் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஆகவே இது நம் இல்லங்களைத் தொடும் செய்தி.

சகோதரிகளே! ஒரு மாதம் கணக்கெழுதிப் பாருங்கள். தைத்த உருப்படிகள், செலவிட்ட மணிகள், நூலுக்கும் மின்சாரத்துக்கும் ஆன செலவு, கைக்கு வந்த தொகை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். செலவைக் கழித்து, மீதியை மணிகளால் வகுத்தால் கிடைப்பதே உங்கள் உண்மையான கூலி. அதே வேலைக்குத் தொழிற்கூடத்தில் மணிக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து ஒப்பிடுங்கள். கூலியை உயர்த்திக் கேட்கும்போது அந்த எண் உங்களுக்குத் துணை நிற்கும்.

வேலை கொடுப்பவர் நம்மவராகவே இருப்பின், அவரும் அந்தக் கணக்கை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும்.