கடலைக் காணாத ஆறு

தேசப்படத்தை மேசைமீது விரித்துவைத்து மாணவன் ஒருவன் எம்மிடம் கேட்டான்: "மகாவலி திருகோணமலைப் பக்கத்துக் கடலிற் சேருகிறது. எங்கள் ஆறு எந்த இடத்திற் கடலைச் சேருகிறது, ஐயா?" அவன் விரல் மகிழவட்டவான் ஆற்றின்மீது இருந்தது. விடை சொல்ல வாய் திறந்த நாம் சற்றே தயங்கினோம். அவ்வாறு கடலை நேரே சேர்வதே இல்லை.

இலங்கையில் 103 ஆற்று வடிநிலங்கள் உள என்பது கணக்கு. மகாவலியின் வடிநிலம் 10,000 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இதனுடையதோ ஏறத்தாழ 346. பாடநூல்கள் இதனை மறந்ததில் வியப்பில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வகுத்த பெயர்களைவிடத் தெளிவான புவியியற் பாடம் வேறுண்டோ? படுவான்கரை வயல்களைத் தாண்டி, ஆயித்தியமலை வழியே மேற்கு நோக்கிச் செல்லச் செல்ல வயல் குறைந்து காடு நெருங்கும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் அக்காட்டில், நீரோடும் இடத்தை மருத மரங்களே காட்டிக்கொடுக்கும். யானைகள் அதனை நம்மினும் நன்கறியும்.

கோடையில் இவ்வாறு வெறும் மணற்றடம், ஆங்காங்கே மடுக்கள். கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழை கொட்டத் தொடங்கினால் இரண்டொரு நாளில் அதுவே வெள்ளக்காடு. இவ்வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவது உன்னிச்சைக் குளம். வயல்களுக்குப் பாய்வதும், வவுணதீவிற் சுத்திகரிக்கப்பட்டு நகரத்தார் வீட்டுக் குழாயில் வருவதும் இக்குளத்து நீரே. குளம் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். திறந்த நீர் எங்கே போகும்? வாவிக்கே போகும்.

மாணவனின் வினாவுக்கு விடை இங்கேதான் உளது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே, அலைகள் நெடுங்காலமாகக் குவித்த மணல்மேடு கிடக்கிறது. காத்தான்குடியும் ஆரையம்பதியும் களுவாஞ்சிக்குடியும் அம்மேட்டின்மீதுதான் அமைந்துள்ளன. அதன் பின்னே தேங்கிய நீரே 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவி. காட்டாறுகள் தத்தம் நீரை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்கின்றன. வாவிக்குக் கடல்வாயில்கள் இரண்டே: நகருக்கு அண்மையில் பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம் ஒன்று, தெற்கே பெரியகல்லாற்றில் மற்றொன்று.

கோடையில் ஆற்றுநீர் வலுவிழந்ததும் கடல் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடுகிறது. மாரியில் நீர் ஏறும். மணலோ தானாக வழிவிடுவதில்லை. அப்போது முகத்துவாரத்தை வெட்டவேண்டும். என்று வெட்டுவது? இங்கேதான் வழக்கு. காலந்தாழ்த்தினால் கரையோரத்துப் பெரும்போக வயல்கள் நீரில் அழுகும். முந்தி வெட்டினாலோ வாவிமட்டம் இறங்கிவிடும், உவர்நீர் உட்புகும், மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று வலைஞர் அஞ்சுவர். மூத்தோர் இன்றும் 'கச்சேரி' என்றே அழைக்கும் மாவட்டச் செயலகத்தில் இரு சாராரையும் வைத்துப் பேசியே நாள் குறிக்கவேண்டியிருக்கிறது. அரையடி நீரில் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்குமான நெல். மற்றவருக்கு அன்றாட அடுப்பு. எவரையும் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. 1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் வந்த பெருவெள்ளங்களைக் கண்டவர்களுக்கு, மணலை வெட்டுவது மட்டும் போதாது என்பதும் தெரியும். மேலே காடு அழிந்த இடத்தில் மழைநீர் நின்று நிதானித்து வருவதில்லை; மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே பாய்ச்சலாய் வருகிறது. அம்மண் படிந்து வாவியின் ஆழம் குறைகிறது. ஆழம் குறைந்த வாவியில் அந்த அரையடி இன்னும் விரைவில் ஏறிவிடும்.

இம்மாரியில் வலையிறவுப் பாலத்தைக் கடக்கும் நேயர்கள் சிறிது நின்று கீழே நோக்குவார்களாக. நீர் கலங்கிச் செம்மண் நிறமாய் ஓடினால், அங்கே மேற்கே காட்டில் மழை நன்றாகப் பெய்திருக்கிறது.