பிளஸ் ஒன்னிலேயே அடைபடும் வழி

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழக அரசு 2020-இல் கொண்டுவந்தது. நீதியரசர் கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம். குறைத்துத் தந்தபோதும், முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக 400-க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இடம் கிடைத்தும் தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டுக் கலங்கி, வேண்டாம் என்று திரும்பியவர்களும் அந்த முதல் ஆண்டுக் கலந்தாய்வில் இருந்தார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பிறகுதான் வந்தது. இந்த ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கல்லூரி வாசலில் இருந்த தடையை இப்படி ஓரளவு அகற்றிவிட்டோம். பள்ளிக்குள்ளேயே இருக்கும் தடையை யாரும் பேசுவதில்லை. நீட் எழுத மட்டுமல்ல, பி.எஸ்சி. நர்சிங் சேரவும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறியிருக்க வேண்டும்; அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதோ பிளஸ் ஒன்னில். பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லாத மலைக்கிராமத்துப் பெண் என்ன செய்வாள்? இருக்கிற பிரிவில் சேருவாள். பதினைந்து வயதில், யாரும் எடுத்துச் சொல்லாமலே, அவளுடைய வெள்ளை கோட்டுக் கனவு முடிந்துபோகும். பிரிவு இருந்தும் உயிரியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால், அதுவும் இல்லாததற்குச் சமம்தான்.

டாக்டர் என்ற ஒற்றை இலக்கும் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. டயாலிசிஸ், எக்ஸ்ரே, ஆய்வகம், மயக்க மருந்து, பிசியோதெரபி என்று மருத்துவமனையை நடத்தும் கைகள் எத்தனையோ. இவற்றுக்கான படிப்புகளைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் சொல்ல ஆளில்லாததால்தான், அங்கீகாரமில்லாத நர்சிங் பயிற்சி மையங்களின் விளம்பரத் தட்டிகள் ஏழைப் பெற்றோரின் சேமிப்பை விழுங்குகின்றன. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றிதழால் அரசு வேலை கிடைக்காது.

மலைவாழ் மக்களின் பேச்சும் பயமும் தெரிந்த செவிலியர், அந்த மக்களிடமிருந்தே வருவதுதான் நல்லது. அதற்குப் பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் உயிரியல் பிரிவும் நிரந்தர ஆசிரியரும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் செவிலியரும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பக்கத்துப் பள்ளிக்குப் போய், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச அரசு உத்தரவிட வேண்டும்.

வாசகர்களே, பத்தாம் வகுப்பு முடிவுகள் வருவதற்கு முன்பே உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் விசாரியுங்கள். உயிரியல் பிரிவோ ஆசிரியரோ இல்லையென்றால், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு உடனே மனு கொடுங்கள்.