யந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார், சுமப்பவர் யார்?

ஜனவரி பிறந்துவிட்டால் பால்மரம் இலை கொட்டத் தொடங்கும். மார்ச்சு வரை நிரைக்கு நிரை சருகு மெத்தை. இலை கொட்டினால் மங்கில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளச் சீட்டில் என்ன குறையும் என்பதை வெட்டுத் தொழிலாளிக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த நாட்களில்தான் ஆபீஸ் வாசல், பங்களாப் புல்வெளி, லயத்துக் கால்வாய், ஆயாக் கொட்டகை முற்றம் என்று கூட்டுகிற வேலை குவிந்து கிடக்கும். நேற்று வரை ஈர்க்குமாறு பிடித்த கைக்கு இப்போது இலை ஊதும் யந்திரம் வந்திருக்கிறது.

யந்திரம் வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. குனிந்த முதுகோடு நாள் முழுதும் கூட்டியவர்களின் இடுப்பு வலியைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். ஈர்க்குமாற்றைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பிடிக்காதவர்களே! நாம் கேட்பது வேறு. எந்த யந்திரம் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் யார்? அதை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்கிறவர் யார்? இருவரும் ஒருவரல்லர் என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

ஆபீசில் வேலை பார்க்கும் நமக்கு விலைப்பட்டியல்கள் வந்து போகும் வழி தெரியும். மூன்று கடைகளிலிருந்து மூன்று காகிதம் வரும். விலையைப் பார்ப்பார்கள், பிறகு பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்ட காற்று வேகத்தைப் பார்ப்பார்கள். அதிக வேகம், குறைந்த விலை, கையெழுத்து விழுந்துவிடும். ஆனால் வேகம் மட்டும் இலையைத் தள்ளுவதில்லை. நிமிடத்திற்கு எத்தனை கன அடி காற்று வெளிவருகிறது என்பது இன்னொரு கணக்கு. மழை நனைந்து சிமெண்டில் ஒட்டிய இலையைப் பெயர்க்க வேகம் வேண்டும். காய்ந்த சருகைக் குவியலாக நகர்த்தக் காற்றின் அளவு வேண்டும். நம் தோட்டத்துச் சருகு பெரும்பாலும் இரண்டாவது ரகம். மேலும், நிரைக்குள் கிடக்கும் இலையை ஊதித் தள்ளவே கூடாது. அது மண்ணுக்கு உரம், வேருக்கு ஈரம். ஊதவேண்டியது பாதையும் கால்வாயும் வாசலும் தீத்தடுப்புக்காக விட்ட வெளியும்தான். இவ்வளவுக்கு மிகப் பெரிய யந்திரம் எதற்கு?

இனிச் சத்தத்திற்கு வருவோம். பெட்டியில் எழுபது டெசிபெல் சொச்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, “பரவாயில்லையே” என்று ஏமாறக்கூடாது. அமெரிக்க அளவுமுறைப்படி அந்த எண் ஐம்பது அடி தள்ளி நின்று அளந்தது. ஐம்பது அடிக்கு அப்பால் இருப்பது பக்கத்து வீட்டுக்காரர் காது. தொழிலாளியின் காதோ யந்திரத்தின் அருகிலேயே இருக்கிறது. முதுகில் மாட்டும் பெட்ரோல் யந்திரங்களில் அங்கே நூறு டெசிபெல்லைத் தொடுவதும் உண்டு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று எல்லை கட்டியிருக்கின்றன. மூன்று டெசிபெல் ஏறினால் காதில் விழும் சக்தி இருமடங்கு. ஆகவே தாங்கும் நேரம் பாதி. 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி என்று இறங்கிக்கொண்டே வந்தால், நூறு டெசிபெல்லில் கால் மணி நேரம்! காலை முழுதும் ஊதச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். எல்லையைத் தாண்டுகிற இடத்தில் காதுறை கொடுப்பதும் தொழிலாளியின் செவியைச் சோதிப்பதும் முதலாளியின் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்ளச் சொல்வது கடமையைச் செய்வதாகாது.

பெட்ரோலும் எண்ணெயும் கலந்து ஓடும் இரட்டை வீச்சு எஞ்சினில், எரியாத எண்ணெயில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிச் சுமக்கிறவர் மூக்குக்குத்தான் முதலில் போகிறது. கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. தொழிலுக்குப் பயன்படும் பெட்ரோல் ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால் எழும் நச்சு, 2017ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் 1,100 மைல் ஓடுவதற்குச் சமமாம். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இரண்டரைத் தடவை போய்வருகிற தூரம்! போதாததற்கு அதிர்வு வேறு. நாள்தோறும் பிடித்த கையில் விரல்நுனி வெளுத்து மரத்துப்போவது இப்படிப்பட்ட கருவிகளால் வரும் நோய். பால் வெட்டுகிறவனுக்கு விரல்தானே சோறு?

அப்படியானால் பாட்டரி யந்திரமா? சத்தமும் அதிர்வும் குறைவு, புகை இல்லை. கையில் பிடிக்கும் சிறு யந்திரங்கள் எடையும் குறைவு. ஆனால் முழு வேகத்தில் அரை மணி நேரம்கூட நிற்காதவை பல. ஒரே பாட்டரியோடு வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடியவில்லையே என்று மண்டோர் அதட்டினால் அது நியாயமல்ல. மாற்றுப் பாட்டரியும் மழை படாத இடத்தில் சார்ஜ் ஏற்றும் வசதியும் விலைக் கணக்கில் சேரவேண்டும்.

நல்ல நோக்கத்தோடு கொண்டுவரும் மாற்றமும் ஏழையின் தலையில் விழக்கூடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வீடுகளுக்கு அருகே பெட்ரோல் ஊதிகளைத் தடை செய்தபோது, 1998 ஜனவரியில் அங்கே புல்வெளி வேலை செய்யும் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளிகள் நகரமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். புகையை அவர்கள் விரும்பினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? ஈர்க்குமாற்றுக்குத் திரும்பினால் நேரம் கூடும், கூலி கூடாது. புது யந்திரம் வாங்கவோ கையில் காசில்லை. 2021இல் கலிபோர்னியா, இப்படிப்பட்ட சிறு பெட்ரோல் எஞ்சின்களைப் புதிதாக விற்பதை 2024 முதல் நிறுத்தச் சட்டம் செய்தபோது, புல்வெளித் தொழிலாளர் மாற்றிக்கொள்வதற்கென்று மூன்று கோடி டாலரும் ஒதுக்கியது. அது போதுமா என்ற வாதம் இருக்கட்டும். மாற்றச் சொல்கிறவன் செலவில் பங்கு ஏற்கவேண்டும் என்பதாவது ஒப்புக்கொள்ளப்பட்டது.

முதுகில் கட்டிய பம்போடு பாராகுவாட் மருந்தடித்த நம் பெண்களை நாம் மறந்துவிட முடியுமா? 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் நாளில்தான் மருந்து அடியோடு நின்றது. இடையில் போன நகங்களுக்கும் கண்களுக்கும் எந்த ரிஜிஸ்டரிலும் கணக்கில்லை. அந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

ஆகவே சங்கக் கிளைகள் நிர்வாகத்திடம் இதைக் கேட்கவேண்டும். வாங்குமுன் யந்திரத்தைப் பெரட்டுக் களத்திற்குக் கொண்டுவரட்டும். ஊதப் போகிறவர் ஆணோ பெண்ணோ, எண்ணெய் நிரப்பிய நிலையில் அரை மணி நேரம் மாட்டி நடந்து பார்க்கட்டும். பத்துக் கிலோ தோளுக்கு ஒத்து வருகிறதா, பட்டை இறுக்குகிறதா என்று அவர் வாயால் சொல்லட்டும். நிர்வாகியும் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்ப்பதில் தவறில்லை. யந்திரம் வந்ததைக் காட்டி இரண்டு ஆள் வேலையை ஒருவர் மேல் ஏற்றக்கூடாது; எத்தனை நேரம் ஊதுவது, எப்போது ஆள் மாறுவது என்பதை முன்னமே எழுத்தில் வைக்கவேண்டும்.

கண்ணாடி, முகமூடி, காதுறை மூன்றும் ஸ்டோர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் அழகுப் பொருள்களல்ல. காலையில் யந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். அந்த ரிஜிஸ்டரை எழுதுகிறவர்கள் கிராணிகளாகிய நாம்தான். காதுறை இல்லாத நாளில் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதுவோம்.