கார்த்திகைக்கு நம் கையால் ஒரு விளக்கு

திருக்கார்த்திகை ஒளியை வழிபடும் நன்னாள். அன்று திருவண்ணாமலை உச்சியில் நெய் நிறைந்த பெருங்கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அம்மலையைக் காணாதவரும் தம் வாசலில் ஓர் அகலை ஏற்றி அவ்வழிபாட்டில் பங்கு பெறுகின்றனர். ரப்பர்த் தோட்டங்களில் உழைக்கக் கடல் கடந்து வந்த நம் முன்னோர், கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் வட்டாரங்களின் லயங்களிலும் இம்மரபைக் கைவிடவில்லை.

இன்றோ, அகல் இருந்த இடத்தை அலுமினியக் கிண்ணத்து மெழுகு விளக்குகளும் மின்கலத்தில் ஒளிரும் பிளாஸ்டிக் விளக்குகளும் பிடித்து வருகின்றன. தரையில் எண்ணெய் சிந்துவதில்லை, வேலையும் குறைவு என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். திருவிழா முடிந்த இரவில் ஆலயத் தரையைக் கழுவும் தொண்டர்களின் சிரமத்தை அறிந்தோர் இவற்றை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும், அதற்குரிய தீர்வு நம் தோட்டத்து மண்ணிலேயே இருக்கிறது.

குலை வெட்டிய வாழையின் தண்டைச் சாண் அளவுத் துண்டுகளாக்கி நிறுத்தி, மேற்புறத்தைச் சற்றுக் குடைந்தால் அகலுக்கு ஏற்ற பீடம் கிடைக்கும். பாதித் தேங்காய்ச் சிரட்டையில் மணல் நிரப்பி அதன்மேல் அகலை வைத்தால் சிந்தும் எண்ணெயை மணல் உறிஞ்சிக்கொள்ளும். புதிய அகலைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, உலர்த்திய பின் ஏற்றினால் எண்ணெயை அது அதிகம் குடிக்காது. சுற்றிலும் மாவிலையும் வெற்றிலையும் பூவும் அழகு சேர்க்கும். காய்ந்த ஓலையை மட்டும் சுடருக்கு அருகில் வைத்தலாகாது. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் விளையும் அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்தால் மாவிளக்கும் ஆயிற்று.

மண்ணகலுக்கும் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மின்மினிப் பூச்சிகளால் உலகப் பயணிகளை ஈர்த்த கம்போங் குவாந்தான், தமிழரின் மண்பாண்டத் தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். பொங்கல் பானையும் அகலும் அங்கே உருவாயின. ஆண்டில் ஓரிரு திருநாள்களுக்கு மட்டும் நாடி வருவோரை நம்பி எந்தக் குயவரும் தம் மகனுக்குச் சக்கரத்தைக் கற்பிக்கமாட்டார். ஆலய நிர்வாகங்கள் பல மாதங்களுக்கு முன்பே மொத்தமாகச் சொல்லிவைத்து அகல் வாங்குவதே அத்தொழிலுக்குச் செய்யும் உண்மையான ஆதரவு. பாராட்டுரைகளால் சூளை எரியாது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது; லயங்கள் காலியாகிப் பிள்ளைகள் பட்டணங்களில் குடியேறிவிட்டனர். தோட்டத்துக் கோயில் மட்டுமே பல குடும்பங்களை மீண்டும் ஒன்றுகூட்டுகிறது. கடையில் வாங்கிய விளக்கை ஏற்ற ஒரு நிமிடம் போதும். ஏற்றியவர் உடனே வீடு திரும்பிவிடுவார். வாழைத்தண்டு வெட்டவும் திரி திரிக்கவும் மாவு பிசையவும் ஒரு மாலைப்பொழுது வேண்டும். பாட்டியும் பேரனும் அருகருகே அமர வேண்டும். அந்த மாலைப்பொழுதே நாம் இழந்துகொண்டிருப்பது.

ஆகவே, கார்த்திகைக்கு முந்திய வார இறுதியில் ஆலய மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் கையால் செய்த ஒரு விளக்கைச் சந்நிதியில் வைக்கட்டும். சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரம் முழுதும் ஒளிர்வது ஒரு பெரு விளக்கினால் அன்று. எண்ணற்ற சிறு மின்மினிகள் ஒன்றுகூடுவதாலேயே. நம் ஆலயமும் அவ்வாறே ஒளிரட்டும்.